கடைசிக் கடிதத்துக்கு மார்க்கு

துக்க வீட்டில் சிரிப்பது எந்த நாட்டிலும் மரியாதைக் குறைவுதான். ஆனால் துக்க வீட்டில் சிரிப்புக்கு இடமே இல்லை என்று ஒருவர் சாதித்தால், அவர் துக்க வீடுகளுக்கு அதிகமாகப் போனவர் அல்லர் என்று வைத்துக்கொள்ளலாம். உயிரோடிருந்தவரை எட்டிப் பாராத மனிதர் எல்லோருக்கும் முன்னால் மாலையோடு வந்து நிற்கிறார். பகைத்தவர் உரக்க அழுகிறார். பக்கத்தில் நிற்பவர்களுக்கு உள்ளூர ஒரு சிரிப்பு எழுகிறது. அதை வாய்விட்டுச் சிரிக்க முடிவதில்லை. அந்தச் சிரிப்பைத் திரையிலே கொண்டுவந்து நிறுத்துவதைத்தான் மேனாட்டார் 'கறுப்பு ஹாஸ்யம்' என்று சொல்லுகிறார்கள்.

இந்த ஹாஸ்யத்தைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வாழ்க்கையிலே பொருத்திக் காட்டிய படங்களுள் முதலிடம் பெறத் தக்கது, 1989-ம் வருஷம் அமெரிக்காவில் வெளியான 'ஹீதர்ஸ்' என்ற படம். கதையை எழுதிய டானியல் வாட்டர்ஸ் அப்பொழுது ஒரு வீடியோக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த வாலிபர். டைரக்டர் மைக்கேல் லேமன். கதாநாயகி வினோனா ரைடருக்குப் படம் பிடித்தபோது வயது 16. சுமார் 30 லட்சம் டாலர் செலவில் எடுத்த படம் கொட்டகைகளில் 11 லட்சம் டாலர் அளவுதான் வசூலித்தது. பின்னர் வீடியோ நாடாக்களின் மூலம் வீடு வீடாகப் புகுந்துதான் அதற்குப் பெயர் வந்தது.

அதற்கு முன் சில வருஷங்களாக அமெரிக்க இளைஞர்களின் உள்ளத்தை ஆண்டவை ஜான் ஹ்யூஸ் என்பவரின் படங்கள். 1985-ல் வந்த அவருடைய 'பிரேக்ஃபாஸ்ட் கிளப்' படத்தில், தண்டனையாக ஒரு சனிக்கிழமை முழுவதும் பள்ளிக்கூடத்தில் அடைபட்ட ஐந்து மாணவர்கள் மனம் விட்டுப் பேசி, அழுது, தோழர்களாகிவிடுகிறார்கள். அழகான படம்தான். ஆனால் எல்லாப் புண்ணும் ஒரு நாள் பேச்சில் ஆறிவிடுமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. வாட்டர்ஸின் கதை அந்த இடத்திலிருந்து புறப்படுகிறது.

ஒஹையோ மாநிலத்தில் ஒரு கற்பனை ஊர். அங்குள்ள உயர்தரப் பள்ளிக்கூடத்தை ஹீதர் என்று ஒரே பெயர் கொண்ட மூன்று பெண்கள் அரசாளுகிறார்கள். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், யாரை எந்தப் பட்டப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்பதெல்லாம் அவர்கள் இடும் சட்டம். உடல் பருத்த மார்த்தா என்ற பெண்ணை அழவைப்பது அவர்களுக்கு நித்தியப் பொழுதுபோக்கு. அந்தக் கூட்டத்தில் நான்காவதாக ஒட்டிக்கொண்டிருப்பவள் வெரோனிகா. பிறர் கையெழுத்தை அச்சாக எழுத வல்லவள். புதிதாக வந்து சேருகிறான் ஜே.டி. என்ற வசீகரமான பையன். தலைமை ஹீதருக்கு ஒரு பாடம் கற்பிக்கப் போய், வெரோனிகா தூக்கிச் சென்ற கோப்பையில் இருந்தது விஷமாகப் போய்விடுகிறது. கோப்பை மாறியது அவளுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். கொலையை மறைக்க வெரோனிகா இறந்தவளின் கையெழுத்தில் ஒரு கடைசிக் கடிதம் எழுதி வைக்கிறாள்.

இதுவரையில் இது சாதாரணக் கொலைக் கதைதான். இனிமேல்தான் பரிகாசம் ஆரம்பமாகிறது; அந்தப் பரிகாசம் பிள்ளைகளைப் பற்றியதன்று, பெரியவர்களைப் பற்றியது.

ஆசிரியர்கள் கூட்டம் போட்டு, இந்த மரணத்துக்கு எத்தனை நாழிகை விடுமுறை தரலாம் என்று பேரம் பேசுகிறார்கள். ஓர் ஆசிரியர், அந்தக் கடைசிக் கடிதத்தில் அருமையான ஆங்கிலச் சொல் ஒன்று பிழையின்றிப் பிரயோகிக்கப்பட்டிருப்பதைக் கண்டு மெச்சுகிறார். இருபது வருஷமாகக் கட்டுரை நோட்டுத் திருத்தி வரும் எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும் போயிற்று. பெண் செத்துக் கிடக்கிறாள். உபாத்தியாயர் மார்க்குப் போடுகிறார். வேறோர் ஆசிரியை மாணவர்களைக் கைகோத்து நிற்கச் சொல்லித் தொலைக்காட்சிக்காரர்களை வரவழைக்கிறாள். கொடுமைக்காரியாயிருந்த ஹீதர், இறந்ததும் தேவதையாகிவிடுகிறாள். அடுத்துக் கொல்லப்படும் இரண்டு கால்பந்து வீரர்களும் அவ்வாறே தியாகிகளாகிறார்கள். தற்கொலை வேண்டாம் என்று ஒரு பாட்டு ரேடியோவில் ஓயாமல் ஒலித்து, மெட்டின் இனிமையால் எல்லோருடைய நாவிலும் புரளுகிறது!

இத்தனையையும் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். மார்த்தா. இருக்கும்போது கிடைக்காத அன்பு இறந்தால் கிடைக்கும் என்று பள்ளிக்கூடமே அவளுக்குப் பாடம் நடத்திவிட்டது. அவள் ஒரு கடிதத்தை உடையில் குத்திக்கொண்டு, ஓடும் வண்டிகளுக்கு நடுவே நடந்து போகிறாள். உயிர் தப்பிவிடுகிறது. அதற்கும் ஏளனந்தான்: புகழ் பெற்றவர்களைப் பார்த்து இவளும் காப்பியடிக்கப் பார்த்தாளாம்.

இது வெறும் கற்பனை அன்று. 1774-ல் ஜெர்மன் மகாகவி கெதே எழுதிய 'வெர்தர்' நாவலின் நாயகன் தற்கொலை செய்துகொண்டபின், அவனைப் பின்பற்றி வாலிபர்கள் உயிர் துறக்கிறார்கள் என்ற அச்சத்தால் லைப்சிக் நகரில் அந்நூலையே தடுத்தார்கள். சரியாக 200 வருஷம் கழித்து, 1974-ல், டேவிட் பிலிப்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் தற்கொலைச் செய்தி வந்ததை அடுத்துத் தற்கொலைகள் பெருகுவதைக் கணக்கெடுத்துக் காட்டி, அதற்கு 'வெர்தர் விளைவு' என்று பெயரிட்டார். உலக சுகாதார ஸ்தாபனம் 2000-ம் வருஷம் பத்திரிகையாளர்களுக்கென்று விதிகள் வெளியிட்டது. கடைசிக் கடிதத்தைப் பிரசுரிக்காதீர்கள், செய்த விதத்தை விவரிக்காதீர்கள், இறந்தவரைப் போற்றிப் பாடாதீர்கள், உதவி எங்கே கிடைக்கும் என்பதைச் சொல்லுங்கள் என்பவை அதன் சாரம். 'ஹீதர்ஸ்' படத்துப் பள்ளிக்கூடம் இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரானதைச் செய்கிறது. அதுவும் விதிகள் பிறப்பதற்குப் பத்து வருஷத்துக்கு முன்னால்!

நிற்க. இதே ரகத்தில் மற்றொரு படம், 1999-ல் அலெக்ஸாண்டர் பேய்ன் எடுத்த 'எலெக்ஷன்'. அதில் மரணம் இல்லை. மாணவர் சங்கத் தேர்தல்தான். நீதியையும் ஒழுக்கத்தையும் போதிக்கும் ஆசிரியர், முந்திரிக்கொட்டையான ஒரு மாணவியின் வெற்றியைப் பொறுக்காமல் இரண்டு வாக்குச் சீட்டுகளைக் குப்பைக் கூடையில் போட்டுவிடுகிறார். இங்கும் அடி விழுவது பெரியவர் முதுகில்தான். 2004-ல் வந்த 'மீன் கேர்ள்ஸ்' படத்தை டைரக்ட் செய்தவர் 'ஹீதர்ஸ்' எழுதியவரின் தம்பி மார்க் வாட்டர்ஸ். விஷயம் ஒன்றே, விஷத்தை எடுத்துவிட்டுச் சர்க்கரை சேர்த்திருக்கிறார். பணம் வந்தது.

'ஹீதர்ஸ்' படத்தில் குறை இல்லாமலில்லை. ஜே.டி.யை அளவுக்கு மீறி அழகனாக்கிவிட்டார்கள். பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் அவன் துப்பாக்கியை உருவி, தோட்டா இல்லாத வெறும் வெடி வெடிக்கும் காட்சிக்கு 1989-ல் சிரித்தார்கள். 1999 ஏப்ரலில் கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் மெய்யாகவே சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகு யார் சிரிப்பது? இந்தக் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்து 2018-ல் வெளியிட இருந்த சமயம், பிப்ரவரியில் புளோரிடாவில் ஒரு பள்ளியில் 17 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். தொடரைத் தள்ளிப்போட்டு, அக்டோபரில் பல இடங்களை வெட்டித்தான் காட்டினார்கள். திரைக்கும் தெருவுக்கும் இடையே கொஞ்சம் தூரம் இருந்தால்தான் இந்த ஹாஸ்யம் உயிர் வாழும் போலும்.

மேனாட்டு நாகரிகத்தைப் பழிக்க நல்ல சாட்சி கிடைத்தது என்று நம்மில் சிலர் மகிழக்கூடும். அது சுலபம். தன் பள்ளிக்கூடங்களைத் தானே இத்தனை இரக்கமின்றிப் பரிகசித்துக்கொள்ளும் நெஞ்சுரம் ஒரு சுதந்திர ஜாதிக்கு வேண்டிய குணம் அல்லவா என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று கைபேசி வழியாக நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிடும் படம் இது. அமெரிக்காவில் 17 வயது நிரம்பாதவர்கள் இதைக் கொட்டகையில் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்று விதித்தார்கள். நல்ல விதிதான், படம் யாரைப் பார்த்துப் பேசுகிறதோ அவரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

வாட்டர்ஸ் முதலில் எழுதிய முடிவில் பள்ளிக்கூடம் வெடித்து எல்லோரும் இறந்து, சொர்க்கத்தில் பகை மறந்து கூடி நடனமாடுகிறார்கள். தயாரிப்பாளர்கள் இதற்கு இணங்கவில்லை. திரையில் நாம் காண்பது வேறு. ஜே.டி. வைத்த வெடிகுண்டிலிருந்து பள்ளியைக் காப்பாற்றிய வெரோனிகா, புகை படிந்த முகத்தோடு தாழ்வாரத்துக்குத் திரும்பி வருகிறாள். மிஞ்சி நிற்கும் ஒரு ஹீதரின் தலையிலிருந்து, அதிகாரத்தின் அடையாளமான சிவப்புக் கொண்டைப் பட்டையைக் கழற்றித் தன் தலையில் போட்டுக்கொள்ளுகிறாள். பிறகு, சக்கர நாற்காலியில் வரும் மார்த்தாவிடம் போய், நடன விருந்து நாளன்று வீட்டுக்கு வருகிறாயா, இருவருமாக வீடியோ பார்க்கலாம் என்று கேட்கிறாள். மார்த்தா சம்மதிக்கிறாள்.