புரோமீனும் அதன் சேர்வைகளும்: பெயர்களை விளங்கிக்கொள்வோம்



மொழிப் பாடம் கற்பிப்பவருக்கு விஞ்ஞானப் பகுதியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இரசாயனவியல் வினாக்களில் புள்ளிகள் குறைவதற்குச் சொல்லின் பொருள் விளங்காமையும் ஒரு காரணமாகும். புரோமீன், புரோமைட்டு, புரோமேற்று என்னும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது, தோலைப் புண்ணாக்கும் நச்சுத் திரவம். இரண்டாவது, கடலில் குளிக்கும்போது நம்மைச் சுற்றியே இருப்பது. மூன்றாவது, பாண் மாவிற் சேர்க்கப்பட்டுப் பின்னர் பல நாடுகளில் தடைசெய்யப்பட்டது. சொல்லின் ஈறு மாறும்போது பொருளின் குணமே மாறிவிடுகிறது. இதனை நன்கு மனதிற் கொள்க.

முதலில் மூலகத்தைப் பார்ப்போம். முதல் 20 மூலகங்களின் இலத்திரன் நிலையமைப்பை எழுதப் பழகியிருப்பீர்கள். புரோமீன் அந்த வரிசைக்கு அப்பாற்பட்டது. அதன் அணுவெண் 35. இலத்திரன் நிலையமைப்பு 2, 8, 18, 7. இறுதி ஓட்டில் 7 இலத்திரன்கள் இருப்பதால் இது குளோரீன் இருக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் மூலகங்கள் இரண்டு. ஒன்று இரசம், மற்றையது புரோமீன். இரசம் உலோகம், புரோமீன் அல்லுலோகம். இது செங்கபில நிறமானது. ஏறத்தாழ 59 பாகை செல்சியசில் கொதிக்கும். கொதிக்க வைக்காமலே போத்தலின் வாயிலிருந்து செங்கபில ஆவி எழும். அந்த ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்.

இன்னொரு விடயம். புரோமீனின் சார் அணுத்திணிவு ஏறத்தாழ 80. ஆனால் இயற்கையில் திணிவெண் 80 உடைய புரோமீன் அணு கிடையாது. திணிவெண் 79, 81 ஆகிய இரு சமதானிகள் ஏறக்குறைய சம அளவில் இருப்பதால் சராசரி 80 ஆக வருகிறது. சமதானி பற்றிய வினாவுக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை என்பேன்.

இனிப் பெயருக்கு வருவோம். 1826 ஆம் ஆண்டு, பிரான்சின் மொன்பெலியே நகரைச் சேர்ந்த அந்துவான் பலார் என்னும் இளைஞர் ஆய்வொன்றை வெளியிட்டார். உப்பளத்தில் உப்பைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் கசப்பான நீருக்குள் அவர் குளோரீனைச் செலுத்தியபோது நீர் செம்மஞ்சளாக மாறியது. அதிலிருந்து கெட்ட மணமுள்ள செங்கபிலத் திரவம் ஒன்றைப் பெற்றார். உப்புநீரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு அவர் ‘முரீட்’ என்று பெயரிட விரும்பினார். பிரெஞ்சு விஞ்ஞான அக்கடமியினர் அதை ஏற்கவில்லை. கிரேக்க மொழியில் ‘புரோமொஸ்’ என்றால் துர்நாற்றம். அதிலிருந்தே இன்றைய பெயர் வந்தது. இவருக்கு முன்பே 1825 இல் ஜேர்மனியில் கார்ல் லோவிக் என்னும் மாணவரும் இதே திரவத்தைப் பிரித்திருந்தார். ஆய்வை முதலில் வெளியிட்டவர் பலார். புகழ்பெற்ற இரசாயனவியலாளர் லீபிக்கின் கையிலும் இத்திரவம் அதற்கு முன்னரே கிடைத்திருந்தது. அவர் அதனை அயடீனின் குளோரைட்டு என்று முடிவு செய்து வைத்துவிட்டார். போத்தலில் ஒட்டிய பெயர் பிழையானதால் ஒரு மூலகத்தைக் கண்டுபிடித்த பெருமை கைநழுவிப் போயிற்று.

குளோரீன் என்பதன் பொருள் பசுமஞ்சள். அயடீன் என்பதன் பொருள் ஊதா. இவ்விரண்டும் நிறத்தாற் பெயர் பெற்றவை, புரோமீன் மட்டும் நாற்றத்தாற் பெயர் பெற்றது. இக்கூட்டத்தை நாம் அலசன்கள் என்கிறோம். தமிழில் ‘அலசுதல்’ என்னும் சொல்லோடு இதற்குத் தொடர்பில்லை. ‘உப்பை உண்டாக்குவது’ என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லின் ஒலிபெயர்ப்பே அது. தமிழ்நாட்டில் ‘உப்பீனி’ என்றும் எழுதுவர். பொருள் உடனே விளங்குவதால் எனக்கு அச்சொல்லே பிடிக்கும். எனினும் பரீட்சையில் உங்கள் பாடநூலில் உள்ள சொல்லையே எழுதுங்கள்.

இப்போது ஈறுகளைக் கவனிப்போம். புரோமீன் அணு ஓர் இலத்திரனைப் பெற்றால் புரோமைட்டு அயன் ஆகிறது. அதன் பின் அந்த நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. சோடியம் புரோமைட்டு கறியுப்பைப் போன்ற வெண்ணிறத் திண்மம். ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறத்தாழ 65 மில்லிகிராம் புரோமைட்டு உண்டு. சாக்கடலில் இது பல மடங்கு அதிகம். அதனாலேயே அக்கரையிலுள்ள இஸ்ரேலும் யோர்தானும் புரோமீன் உற்பத்தியில் முன்னிற்கின்றன. ஆனையிறவு, புத்தளம், அம்பாந்தோட்டை உப்பளங்களிலும் உப்பு எடுத்தபின் எஞ்சும் நீரில் புரோமைட்டு இருக்கிறது. பலார் பயன்படுத்தியது இத்தகைய நீரைத்தான்.

பொற்றாசியம் புரோமைட்டு 1857 முதல் வலிப்பு நோய்க்கு மருந்தாகப் பயன்பட்டது. அது மனிதரை மந்தமாக்கி உறங்க வைக்கும். அதனால் ஆங்கிலத்தில் ‘புரோமைட்’ என்னும் சொல்லுக்குச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன கூற்று என்ற பொருளும் ஏற்பட்டது. ஆங்கிலப் பந்தியொன்றில் இச்சொல்லைக் கண்டால் உடனே இரசாயனவியலுக்கு ஓடிவிடாதீர்கள். வெள்ளி புரோமைட்டு வேறு வகையில் முக்கியமானது. ஒளி பட்டால் அது பிரிகையடைந்து வெள்ளியைத் தரும். பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படச் சுருள்களும் எக்ஸ் கதிர்ப் படங்களும் இப்பண்பை வைத்தே உருவாயின.

புரோமேற்று என்பது புரோமீனுடன் ஒட்சிசனும் சேர்ந்த அயன். பொற்றாசியம் புரோமேற்று பாண் மாவை நன்கு பொங்கச் செய்யும். ஆனால் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்குவது ஆய்வுகளிற் கண்டறியப்பட்டதால் பல நாடுகள் அதனைத் தடைசெய்தன; இந்தியா 2016 இல் தடைசெய்தது. இதை வைத்து, ‘ஏற்று’ என்று முடிந்தால் நஞ்சு என எண்ணிவிட வேண்டாம். எமது நாட்டில் அயடீன் சேர்த்த கறியுப்பில் கலக்கப்படுவது பொற்றாசியம் அயடேற்று. ‘ஏற்று’ என்னும் ஈறு ஒட்சிசன் இருப்பதை மட்டுமே காட்டுகிறது. நைத்திரேற்று, சல்பேற்று, காபனேற்று ஆகியவற்றையும் இவ்வாறே விளங்கிக்கொள்க.

‘ஐட்டு’ என்னும் ஈற்றையும் அளவுக்கு மீறி நம்பக்கூடாது. மெதயில் புரோமைட்டு ஓர் அயன் சேர்வை அன்று. அது நிறமற்ற பங்கீட்டு வலுச் சேர்வை, நச்சு வாயு. மண்ணிலும் களஞ்சியங்களிலும் உள்ள பூச்சிபுழுக்களைக் கொல்ல அது பயன்பட்டது. மேல் வளிமண்டலத்தில் ஓசோனை அழிப்பதில் ஒரு புரோமீன் அணு குளோரீன் அணுவை விடப் பல மடங்கு வலியது. எனவே 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையில் 1992 இல் இவ்வாயுவும் சேர்க்கப்பட்டது. தடுப்புக்காப்புப் போன்ற சில தேவைகள் தவிர, வளர்முக நாடுகள் 2015 இல் இதனைக் கைவிட வேண்டும் என விதிக்கப்பட்டது.

ஒலியால் ஏமாற்றும் சொற்களும் உள. கொக்கோவில் ‘தியோபுரோமீன்’ என்றொரு பொருள் உண்டு. அதில் புரோமீன் அணு ஒன்றேனும் இல்லை! கிரேக்கத்தில் ‘தியோஸ்’ கடவுள், ‘புரோமா’ உணவு; கொக்கோ மரத்தின் விஞ்ஞானப் பெயர் ‘கடவுளரின் உணவு’ என்னும் பொருளுடையது. நாற்றத்துக்கும் உணவுக்கும் உரிய இரு கிரேக்கச் சொற்கள் ஒலியால் நெருங்கியதன் விளைவு இது. அன்னாசியில் உள்ள ‘புரோமிலேயின்’ என்னும் நொதியத்துக்கும் புரோமீனுக்கும் தொடர்பில்லை. அப்பெயர் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் புரோமெலியசின் பெயர்வழி வந்தது. மாறாக, பண்டைய தீர் நகரத்தார் கடல் நத்தைகளிலிருந்து எடுத்த அரச ஊதாச் சாயத்தின் பெயரில் புரோமீன் இல்லை. மூலக்கூறில் இரண்டு புரோமீன் அணுக்கள் உள்ளன.

இறுதியாக ஒரு பயிற்சி. விடையைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள்.

வினா: சோடியம் புரோமைட்டுக் கரைசலினுள் குளோரீன் வாயுவைச் செலுத்தினால் யாது அவதானிக்கப்படும்? சோடியம் குளோரைட்டுக் கரைசலுக்குப் புரோமீன் நீரைச் சேர்த்தால் குளோரீன் வெளிவருமா?

விடை: நிறமற்ற கரைசல் செம்மஞ்சளாக மாறும்.

குளோரீன் + சோடியம் புரோமைட்டு → சோடியம் குளோரைட்டு + புரோமீன்

கூட்டத்தில் மேலிருந்து கீழே செல்லும்போது அலசன்களின் தாக்குதிறன் குறையும். ஆகவே குளோரீன் புரோமீனை இடம்பெயர்க்கும். புரோமீனால் குளோரீனை இடம்பெயர்க்க முடியாது. இரண்டாம் பகுதிக்கு ‘வெளிவராது’ என்பதுடன் காரணத்தையும் எழுதுக. முதற் பகுதியில் ‘புரோமைட்டு வெளிவந்தது’ என்று எழுதியிருந்தால் விடை பிழை. புரோமைட்டு தொடக்கத்திலேயே கரைசலில் இருந்தது, வெளிவந்தது புரோமீன்.