கருப்பைச் சவ்வு மெலிந்திருந்தால் தாய்மைக் கனவு கலைந்துவிடுமா?

“கரு நன்றாக வளர்ந்திருக்கிறது. ஆனால் கருப்பைச் சவ்வு போதிய அளவு தடிக்கவில்லை. இந்த மாதம் கருவை உள்ளே வைக்க வேண்டாம்.”

பல நாள் ஊசிகளையும் ஸ்கேன்களையும் தாங்கி வந்த பெண்ணுக்கு இது பேரிடி. வீட்டுக்குப் போனால், “டாக்டர் என்னம்மா சொன்னாங்க?” என்று மாமியார் கேட்பார். அவருக்கு எப்படி விளக்குவது? பலர் மௌனமாகி, குறை தங்களிடம்தான் என்று நொந்துகொள்கிறார்கள். அது தேவையற்ற வேதனை.

சவ்வு என்பது என்ன?

கருப்பையின் உட்சுவரில் படர்ந்திருக்கும் மெல்லிய திசுதான் இந்தச் சவ்வு. விதைக்கு மண் எப்படியோ, கருவுக்கு இது அப்படி. மாதவிடாயின்போது உதிர்ந்து, ஈஸ்ட்ரோஜன் சுரப்பால் மீண்டும் வளர்கிறது. பிறகு புரோஜெஸ்டிரோன் சுரந்து, கருவை ஏற்கும் பக்குவத்தைத் தருகிறது. ஸ்கேனில் இதன் தடிமன் 7 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ‘மெலிந்த சவ்வு’ என்கிறார்கள் மருத்துவர்கள். அதற்காக 7 என்பதைத் தேர்ச்சி மதிப்பெண்ணாகக் கருத வேண்டாம். 5 மில்லிமீட்டரிலும் கரு தங்கிக் குழந்தை பிறந்ததுண்டு. வாய்ப்பு குறைகிறது, வழி அடைபட்டுவிடுவதில்லை.

ஏன் மெலிகிறது?

கருச்சிதைவுக்குப் பின்னோ பிரசவத்துக்குப் பின்னோ கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும்போது சில சமயம் தழும்பு விழுந்து, சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். இதை 1948ல் விரிவாக எழுதிய மருத்துவரின் பெயரால் ‘ஆஷர்மன்’ குறைபாடு என்பார்கள். மாதவிடாய் மிகக் குறைந்துபோவது இதன் ஓர் அறிகுறி.

இன்னொரு காரணம் கருப்பையைத் தாக்கும் காசநோய். காசநோய் நுரையீரலோடு நின்றுவிடும் என்று எண்ணுவது தவறு. இந்தியாவில் குழந்தையின்மைக்கு இது முக்கியக் காரணங்களுள் ஒன்று. இளவயதில் காசநோய் வந்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பழைய கருச்சிதைவையும் அப்படித்தான். கணவர் வீட்டாருக்குத் தெரியாததாக இருந்தாலும் மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

முட்டை வளரக் கொடுக்கப்படும் குளோமிஃபீன் மாத்திரையும் சிலருக்குச் சவ்வை மெலியச் செய்யும். அப்போது மருந்தை மாற்றினாலே போதும்.

சிகிச்சை என்ன?

முதல் மருந்து ஈஸ்ட்ரோஜன்தான். மாத்திரையாகவோ தோலில் ஒட்டும் பட்டையாகவோ தருவார்கள். அளவையும் நாட்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். இரத்தம் உறையும் கோளாறோ மார்பகப் புற்றுநோயோ இருந்தவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஒட்டுத் தழும்பு இருந்தால், கருப்பைக்குள் சிறு கேமரா செலுத்தி அதை நீக்கலாம். இப்படிச் சிகிச்சை பெற்றுக் கருவுற்றவர்களுக்கு நச்சுக்கொடி கருப்பைச் சுவரில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் அபாயம் சற்று அதிகம். ஆகவே பிரசவ மருத்துவரிடமும் இதைத் தெரிவிக்க வேண்டும்.

சவ்வு அந்த மாதம் வளரவில்லையா? கருவை உறையவைத்து, சவ்வு தயாரானதும் வேறொரு மாதத்தில் வைக்கலாம். தள்ளிப்போடுவது தோல்வியாகாது, நல்ல கருவை வீணாக்காமல் காப்பது.

சொந்த இரத்தத்திலிருந்து பிரித்த பிளேட்லெட் திரவத்தைக் கருப்பைக்குள் செலுத்துவது, சில்டனாஃபில் மருந்து தருவது போன்றவையும் பேசப்படுகின்றன. இவற்றால் குழந்தைப் பேறு கூடும் என்பதற்கு உறுதியான சான்று இன்னும் போதவில்லை. பணம் கட்டுமுன், “இதனால் எனக்கு என்ன பலன்? என்ன ஆதாரம்?” என்று தயங்காமல் கேளுங்கள். நாட்டு மருந்து, லேகியம் சாப்பிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூரில் என்ன வசதி?

சிங்கப்பூரின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1983 மே மாதம் பிறந்தது, லிட்டில் இந்தியாவை ஒட்டிய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில்தான். அந்த மருத்துவக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் இலங்கையில் பிறந்த தமிழர், பேராசிரியர் எஸ்.எஸ்.ரத்னம்.

பெண்களுக்கான 45 வயது உச்சவரம்பு 2020 ஜனவரியில் நீக்கப்பட்டது. ஆனால் வயது ஏற ஏற முட்டையின் தரம் குறைவது நீங்கவில்லை. மனைவி 40 வயதை எட்டுமுன் சிகிச்சை தொடங்கினால், தகுதி பெறும் சிங்கப்பூரர் தம்பதியருக்கு அரசு மருத்துவமனைகளில் செலவில் 75 விழுக்காடு வரை மானியம் கிடைக்கும். புதிய சுற்றுகள் மூன்றுக்கும், உறைந்த கருவை வைக்கும் சுற்றுகள் மூன்றுக்கும் தனித்தனியே இது உண்டு. மெடிசேவ் கணக்கிலிருந்தும் பணம் எடுக்கலாம்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கக் கணவரும் கூடவே செல்லட்டும். வீட்டில் மாமியார் கேட்கும்போது, “இன்னும் நேரம் வரலைம்மா, காத்திருக்கச் சொல்லியிருக்காங்க” என்று அவரே பதில் சொல்லட்டும். பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும்.