ஒரு கூடத்தில் எடுத்த முடிவு

பசுந்தாங் கால்வாயின் கரைகளில் ஒரு காலத்தில் அரிசி ஆலைகளின் புகைபோக்கிகள் வரிசையாக நின்றன. அந்நாளைய ரங்கூனில் நெல் வணிகம் செய்த நான்கு பெரிய ஐரோப்பியக் கம்பெனிகள் 1921ஆம் ஆண்டில் 'புல்லிஞ்சர் கூட்டு' என்ற பெயரில் ஒன்றுகூடி, கொள்முதல் விலையைத் தமக்குள் பேசி வைத்துக்கொண்டன. அந்தக் கூடத்தில் விளைவித்தவனுக்கு இடமில்லை.

நம்மவரிடையேயும் இதனினும் நுட்பமான பின்னல் ஒன்று இருந்தது. 1930ஆம் ஆண்டளவில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 நாட்டுக்கோட்டைச் செட்டியார் கடைகள் இருந்தன. அவை வெவ்வேறு முதலாளிகளுக்கு உரியவை. எனினும், ஒரே கிட்டங்கியில் பல கடைகளின் ஏஜண்டுகள் அருகருகே அமர்ந்து தொழில் நடத்தினர். ஒருவரிடம் ஒருவர் கடன் பெற்றனர். மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி, தமக்குள் வழங்கும் கடனுக்கு 'நடப்பு வட்டி' நிர்ணயித்தனர். அவ்வட்டி பிற ஊர்க் கடைகளுக்கும் அளவுகோலாயிற்று.

வட்டி மட்டுமா பரவியது? யாரை நம்பலாம், யாரிடம் எச்சரிக்கை வேண்டும் என்ற எண்ணமும் கடைக்குக் கடை பரவியது. வாய்ச்சொல்லே பிணையாக நின்ற அந்நம்பிக்கையால்தான் ஒரு கடையின் தட்டுப்பாட்டை மற்றொரு கடை தாங்கிற்று.

ஆனால், நம்பிக்கை சென்ற வழியிலேயே அச்சமும் சென்றது. 1930க்குப் பின் நெல் விலை சரிந்தபோது, எல்லாக் கடைகளும் ஏறக்குறைய ஒரே வேளையில் கையை இறுக்கின. பணமாகத் திருப்ப இயலாத குடியானவரின் நிலம் கடைகளின் கைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1938இல் 25 பங்காயிற்று. அவர்கள் விரும்பியது நிலமன்று, பணமே. ஆயினும், அதனால் வளர்ந்த வெறுப்பை வட்டிக்கடை வாசலையே மிதித்தறியாத கூலித் தொழிலாளியும் சுமக்க நேர்ந்தது.

இக்கதை நமக்கு எதற்கு? அகதிக் குடும்பங்களாகிய நாம் இன்று சங்கங்களையும் கோயில் சபைகளையும் தொண்டு நிறுவனங்களையும் சார்ந்து நிற்கிறோம். அவை கைகோத்து இயங்குவது நமக்கு நன்மையே. எனினும், "இக்குடும்பத்துக்கு உதவி தேவையில்லை" என்று ஓர் அமைப்பு எழுதிவிட, ஏனையவை விசாரியாமல் அதனையே படியெடுத்தால், ஒரு வாய் சொன்னது நான்கு சாட்சிகளாகிவிடும். அதன்பின் அக்குடும்பம் எந்தக் கதவைத் தட்டும்?

ஆகவே, நம் அமைப்புகளிடம் நாம் கேட்பவை இரண்டு. எந்தச் செய்தியையும் ஏற்குமுன், நேரில் கண்டவர் யார் என்று வினவுங்கள். முடிவெடுக்கும் கூடத்தில், அம்முடிவைச் சுமக்கப்போகும் குடும்பங்களின் சார்பில் ஒருவரையேனும் அமர்த்துங்கள்.