பேரிடர் இழப்பீடும் தன்பால் இணையரும்

பேரிடரில் ஒருவர் இறந்தால், அவருடைய கணவருக்கோ மனைவிக்கோ கிடைக்கும் அரசின் இழப்பீடு, அவருடன் வாழ்ந்த தன்பால் இணையருக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. இவர்களை விலக்க இந்தியாவில் தனி விதி ஏதும் இல்லை. 'குடும்பம்', 'வாரிசு' ஆகிய சொற்களுக்குச் சட்டமும் வருவாய்த்துறை நடைமுறையும் கொள்ளும் பொருளே இவர்களை வெளியே நிறுத்துகிறது.

தொகையும் நடைமுறையும்

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 12ஆம் பிரிவு, உயிரிழப்புக்கான கருணைத் தொகைக்கு வழிகாட்டுதல் வகுக்கச் சொல்கிறது. மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து ஓர் உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. மாநில அரசு கூடுதலாகவும் தரலாம். புதுக்கோட்டை உள்ளிட்ட மாவட்டங்களை 2018 நவம்பரில் தாக்கிய கஜா புயலில் இறந்தோரின் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது.

தமிழ்நாட்டில் இறந்தவரின் உறவுமுறையை மெய்ப்பிக்கும் முதன்மை ஆவணம் வாரிசுச் சான்றிதழ். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பின் வட்டாட்சியர் இதை வழங்குகிறார். கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் போன்றோரே இதில் இடம்பெறுவர்.

நார்த்தாமலையில் இரு பெண்கள் இருபது ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்ந்ததாகவும், புயலில் சுவர் இடிந்து ஒருவர் இறந்ததாகவும் கொள்வோம். தொகை இறந்தவரின் தாய்க்குச் செல்லும். தாயும் இல்லையென்றால், பேச்சுவார்த்தையே இல்லாத உடன்பிறந்தாருக்கும் செல்லக்கூடும். கூட வாழ்ந்து, வருமானத்தையும் இழந்தவர் பட்டியலில் இருக்கமாட்டார். உயில் எழுதி வைத்திருந்தாலும் அது இறந்தவரின் சொத்துக்கே பொருந்தும். கருணைத் தொகை அவருடைய சொத்து அன்று; இறப்புக்குப் பின் அரசு தருவது.

பிற இழப்பீட்டுச் சட்டங்கள்

1855ஆம் ஆண்டின் உயிர்போக்கும் விபத்துகள் சட்டம் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளை ஆகியோருக்காக மட்டுமே வழக்குத் தொடுக்க இடமளிக்கிறது. 2025 வரை நடைமுறையில் இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (1923) சார்ந்திருப்போர் யார் யார் என்று பட்டியலிட்டது; ரயில்வே சட்டமும் (1989) அவ்வாறே பட்டியலிடுகிறது.

மோட்டார் வாகனச் சட்டம் மாறுபட்டது. அது 'சட்டப் பிரதிநிதி' என்றே கூறுகிறது. இறந்தவருடன் வாழ்ந்து அவரைச் சார்ந்திருந்த மாமியாரும் சட்டப் பிரதிநிதியே என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது. அது தன்பால் இணையர் பற்றிய வழக்கு அன்று. ஆயினும் வாரிசாக இல்லாதவரும் இழப்பைக் காட்டி உரிமை கோரலாம் என்பது அதில் தெளிவாகிறது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

தன்பால் உறவு குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. அரசமைப்பு தடைசெய்யும் பாலினப் பாகுபாட்டில் பாலீர்ப்பு சார்ந்த பாகுபாடும் அடங்கும் என்பதும் அத்தீர்ப்பின் கருத்து. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவும் நிவாரணத்தில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால், இணையர் உரிமை கோர ஒரு வழி தெரிகிறது.

2023 அக்டோபர் 17 அன்று தன்பால் திருமணத்தை ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. இணையரின் உரிமைகளை ஆராய மத்திய அரசு குழு அமைக்கும் என்ற உறுதியைப் பதிவு செய்தது. அதன் பின், 2024இல் குடும்ப அட்டை, கூட்டு வங்கிக் கணக்கு, வாரிசுதாரர் நியமனம் ஆகியவற்றில் சில சலுகைகள் அறிவிக்கப்பட்டன. குடும்பத்துக்குத் திருமணம் மட்டுமே அடிப்படை அன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது.

சுனாமிக் கால அனுபவம்

2004 சுனாமியின்போது, குடும்ப அட்டை இல்லாத திருநங்கையர் பலர் தமிழகக் கடலோரத்தில் நிவாரணம் பெற இயலாமல் தவித்தனர். ஆவணத்தில் இல்லாதவர் நிவாரணப் பட்டியலிலும் இல்லாமல் போவதை அந்நிகழ்வு காட்டியது.

பிற நாடுகள்

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கான நடுவண் இழப்பீட்டு நிதி, உரியவர் யார் என்பதை மாநிலச் சட்டங்களிடம் விட்டது. இதனால் தன்பால் இணையர் பலர் இறந்தவரின் உறவினரது இசைவை நம்பியிருக்க நேர்ந்தது. ஜப்பானில், குற்றச்செயலில் கொல்லப்பட்டவரின் தன்பால் இணையரும் அரசின் உதவித்தொகைக்கு உரியவராகலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 26 அன்று தீர்ப்பளித்தது. எஞ்சியிருப்பவரின் மனத்துயரையும் பொருள் இழப்பையும் தணிப்பதே அத்தொகையின் நோக்கம். அந்த இழப்பு தன்பால் இணையருக்கும் அதேதான் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை.