டயரில் அம்புக்குறி எதற்கு?

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் சாலைக் கடைத்தெரு, திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டில் அமைத்தது. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் பலர் இங்கே தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்து வருகிறார்கள். மூட்டைகளுக்கும் சுமைதூக்குவோருக்கும் இடையே மோட்டார் சைக்கிள்கள் புகுந்து செல்லாத நேரமில்லை.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை என ஆண்டுக்கு இருமுறை மழை காணும் ஊர் இது. ஈரத்தரையில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது, டயர் தரையைத் தொடும் உள்ளங்கையளவு இடம்தான். ஆகவே புது டயர் போடுவோர், அதன் பக்கவாட்டில் பொறித்துள்ள அம்புக்குறியைக் கவனிப்பது அவசியம். சக்கரம் எந்தத் திசையில் சுழல வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

முன்னும் பின்னும்

டயரின் பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளங்கள் அழகுக்காக அல்ல. தரைக்கும் ரப்பருக்கும் நடுவே சிக்கும் தண்ணீரை இருபுறமும் வெளியேற்றுவதே அவற்றின் வேலை.

பின் டயர் வண்டியை முன்னே தள்ளுகிறது. முன் டயரோ பிரேக் பிடிக்கும்போது பெரும் பாரத்தை ஏற்கிறது. இந்த இரு விசைகளும் ரப்பரை எதிரெதிர்த் திசைகளில் இழுப்பவை. மேல் ரப்பரைப் பட்டையாகச் சுற்றி, சரிவாக வெட்டிய முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டுவது வழக்கம். விசை அந்த ஒட்டை அழுத்த வேண்டுமே தவிர, பிரிக்கக் கூடாது. எனவேதான் சில டயர்களில் முன் சக்கரத்துக்கு ஓர் அம்பும், பின் சக்கரத்துக்கு எதிர்த்திசையில் மற்றோர் அம்பும் இருக்கும். முன் டயரின் பட்டன் தலைகீழாகத் தெரிவதைக் கண்டு, மெக்கானிக் தவறிவிட்டார் என்று முடிவு கட்ட வேண்டாம்.

சரிபார்ப்பது எப்படி?

பஞ்சர் ஒட்ட, டயரின் ஒரு பக்க விளிம்பை நெம்பி டியூபை எடுத்தால் போதும். டயரை ரிம்மிலிருந்து முழுவதும் கழற்றும்போதுதான் திசை மாற வாய்ப்புண்டு. மாட்டியதும் வண்டியை உருட்டி, அம்பு டயரின் உச்சிக்கு வருமாறு நிறுத்துங்கள். அது முன்னோக்கி இருந்தால் சரி. அடிப்பகுதிக்கு வரும்போது அதே அம்பு பின்னோக்கித் தெரியும், குழம்ப வேண்டியதில்லை.

முன், பின், ஸ்டெப்னி மூன்றுக்கும் ஒரே சக்கரம் பொருந்திய பழைய ஸ்கூட்டர்களின் டயர்கள் பலவற்றில் அம்பு இராது. அம்பில்லாத டயரை எப்பக்கமும் மாட்டலாம்.

திருப்பி மாட்டிய டயரால் வண்டி அன்றே கவிழ்ந்துவிடாது. காய்ந்த ரோட்டில் வித்தியாசம் தெரியாமலும் போகலாம். மழையில் திடீரெனப் பிரேக் பிடிக்கும்போதுதான் குறை வெளிப்படும். பட்டன் தேய்ந்து மொட்டையான டயருக்கோ எந்த அம்பும் உதவாது. சரியாக மாட்டச் சில நிமிடமே ஆகும். கூலி கொடுக்குமுன், பட்டனைப் பார்த்து ஊகிக்காமல் அம்பைப் பார்ப்பதே நல்லது.