ஐந்து தோல்வி, ஒரு கண்ணீர்

தோற்ற அணியொன்றைப் பற்றியே எழுதுகிறேன்.

றண்டி ஹீசூ கிரிஃபின் அமெரிக்காவில் பிறந்தவர், தாய் கொரியர். ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்காக ஐஸ் ஹொக்கி விளையாடிய அவர், பின்னர் தென்கொரியக் குடியுரிமை பெற்று அந்நாட்டு மகளிர் அணியில் இணைந்தார்.

2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருக்கையில், 23 பேர் கொண்ட அந்த அணியுடன் வடகொரிய வீராங்கனைகள் 12 பேரைச் சேர்க்க இரு அரசுகளும் முடிவெடுத்தன. ஒலிம்பிக்கில் இரு கொரியாக்களும் சேர்ந்து களமிறக்கிய முதல் அணி அது. ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது 3 வடகொரியர் இடம்பெற வேண்டும். ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களின் வாய்ப்புப் பறிபோகிறது என்று தெற்கில் எதிர்ப்புக் கிளம்பியது.

மொழி ஒன்றுதான், ஆனால் ஆடுகளச் சொற்கள் வேறு. தெற்கில் ஆங்கிலம் கலந்தவை, வடக்கில் தனிக் கொரியம். பயிற்றுநர் சாரா மறே சொற்பட்டியல் தயாரிக்க வேண்டியிருந்தது.

முதல் இரு ஆட்டங்களிலும் 0-8 எனத் தோல்வி. பெப்ரவரி 14இல் ஜப்பானுக்கு எதிராக அணியின் முதல் கோலை அடித்தவர் கிரிஃபின். அதிலும் தோல்வி, 1-4. ஐந்து ஆட்டங்களிலும் வெற்றியில்லை.

ஆனால் வடகொரியர் புறப்பட்ட நாளில் இரு தரப்பும் கட்டியணைத்து அழுதன. அவர்களைக் கேட்காமலே சேர்த்தார்கள், கேட்காமலே பிரித்தார்கள். இடைப்பட்ட சில வாரங்களில் வளர்ந்த உறவு மட்டும் அந்தப் பெண்களே உண்டாக்கியது என்பேன்.