சட்டைப்பைத் துப்பாக்கியும் நியூட்டனின் மூன்றாம் விதியும்

மேல்நிலை வகுப்பில் இயற்பியல் பயின்ற எவரும் துப்பாக்கிக் கணக்கு ஒன்றைப் போட்டே இருப்பர். துப்பாக்கியின் நிறை இவ்வளவு, குண்டின் நிறை இவ்வளவு, குண்டின் திசைவேகம் இவ்வளவு எனில் துப்பாக்கியின் பின்னுதைப்பு வேகம் என்ன? உந்த அழியாமை விதியைப் பயன்படுத்தி இரண்டே வரிகளில் விடை கண்டுவிடலாம். ஆனால் அந்த இரண்டு வரிகளில் ஒரு பெரிய தொழிலின் தலைவலி முழுவதும் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவில் உடைக்குள் மறைத்துக் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது சட்டப்படி இயலும். 2013இல் இல்லினாய் மாநிலமும் இதற்குச் சட்டம் இயற்றியபின், 50 மாநிலங்களிலும் ஏதேனும் ஒரு வகையில் இதற்கு வழியுண்டு. 2022 ஜூன் மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இவ்வுரிமையை மேலும் விரிவாக்கியது. இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இதற்கு அனுமதிச் சீட்டும் தேவையில்லை. எனவே அங்குத் துப்பாக்கிக் கடைக்குச் செல்லும் சாதாரணக் குடிமகன், 'மறைத்து வைக்கத்தக்க சிறிய துப்பாக்கி எது?' என்று கேட்கிறான். அவன் கேட்பது கடைக்காரரை. ஆனால் விடை சொல்ல வேண்டியது இயற்பியல். சிறியதாக்கினால் என்ன கிடைக்கிறது, எது கைவிட்டுப் போகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மறைப்புத் துப்பாக்கியின் வரலாறு

கைக்குள் அடங்கும் துப்பாக்கி புதிதன்று. 1865 ஏப்ரல் 14 அன்று வாஷிங்டன் நகரின் ஃபோர்டு அரங்கில் ஆபிரகாம் லிங்கனைச் சுட்ட ஆயுதம், பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹென்றி டெரிஞ்சர் செய்த, சுமார் 15 செ.மீ. நீளமே உள்ள சிறு துப்பாக்கி. ஒரு முறை மட்டுமே சுடக்கூடியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் பிரௌனிங் என்னும் அமெரிக்கர் 6.35 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடும் தானியங்கிச் சட்டைப்பைத் துப்பாக்கியை வடிவமைத்தார். 1980களில் ஆஸ்திரியாவின் காஸ்டன் கிளாக் பாலிமர் உடலுடைய துப்பாக்கியைச் செய்து எடையைக் குறைத்தார். 1995இல் அதன் குட்டை வடிவமும் வந்தது. 2018இல் ஸிக் ஸாவர் நிறுவனம் வெளியிட்ட பி365 என்ற வகை, உள்ளங்கையளவே இருந்தபோதும் 9 மி.மீ. தோட்டாக்கள் பத்தினைத் தன் கைப்பிடிக்குள் அடக்கியது. அதன் குழல் நீளம் 79 மி.மீ.; முழு அளவுத் துப்பாக்கியான கிளாக் 17இன் குழலோ 114 மி.மீ.

குழலைக் குறுக்கினால்?

குழல் குறைந்தால் குண்டின் வேகமும் அதே விகிதத்தில் குறையும் என்று பலர் எண்ணுவர். உண்மை அவ்வாறன்று.

9 மி.மீ. தோட்டாவின் குண்டு சுமார் 8 கிராம். வெடிமருந்து எரியும்போது உண்டாகும் வாயுவின் உச்ச அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 2,300 மடங்கு வரை செல்லும். அந்தக் கணத்தில் குண்டின் அடிப்பரப்பில் விழும் விசை சுமார் 15,000 நியூட்டன். ஆனால் குண்டு குழலில் ஓரிரு சென்டிமீட்டர் நகர்வதற்குள்ளேயே இந்த உச்சம் கடந்துவிடுகிறது. குண்டு முன்னேற முன்னேற அதன் பின்னாலுள்ள இடம் பெருகுகிறது. அழுத்தம் விழுந்துகொண்டே வருகிறது. ஆகவே வாயு செய்யும் வேலையில் பெரும்பங்கு குழலின் முற்பாதியிலேயே முடிந்துவிடுகிறது. முனைக்கு அருகிலுள்ள சென்டிமீட்டர்கள் தருவது சொற்பமே.

நீண்ட குழலில் குண்டு விநாடிக்கு 350 மீட்டர் வேகம் பெறுகிறதெனக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 490 ஜூல். குட்டைக் குழலில் வேகம் ஏறத்தாழ 325 மீட்டர்; ஆற்றல் 422 ஜூல். குழல் நீளம் 100க்கு 30 பங்கு குறைந்தும், வேகம் குறைந்தது 7 பங்கு. ஆற்றல் குறைந்தது 14 பங்கு. இதுவரை கணக்கு சிறிய துப்பாக்கிக்குச் சாதகமாகவே தோன்றுகிறது.

ஆனால் வேலை செய்யாமல் மிஞ்சிய வாயு எங்கே போகும்? அதிக அழுத்தத்தோடு குழல்முனையில் வெளியேறிப் பளிச்சென்ற ஒளியாகவும் பேரோசையாகவும் மாறுகிறது. கைத்துப்பாக்கியின் ஓசை 140 டெசிபெலுக்கும் மேற்பட்டது. காது காப்பின்றி ஒரு முறை கேட்டாலும் செவிக்குக் கேடு விளையலாம். குட்டைக் குழல் இக்கேட்டை மிகுவிக்கிறது.

எடையைக் குறைத்தால்?

இனி நம் பாடநூல் கணக்கிற்கு வருவோம். குண்டின் உந்தம் 0.008 × 350 = 2.8 கி.கி. மீட்டர்/விநாடி. அதனுடன் வெளியேறும் வாயுவின் உந்தம் ஏறக்குறைய 0.4. மொத்தம் 3.2. இதே அளவு உந்தம் எதிர்த்திசையில் துப்பாக்கிக்குக் கிடைக்கிறது.

தோட்டாக்கள் நிரம்பிய முழு அளவுத் துப்பாக்கியின் நிறை 0.9 கி.கி. எனில் பின்னுதைப்பு வேகம் விநாடிக்கு 3.6 மீட்டர், ஆற்றல் 5.7 ஜூல். சிறு துப்பாக்கியில் மொத்த உந்தம் 3.0, நிறை 0.6 கி.கி. எனில் வேகம் 5 மீட்டர், ஆற்றல் 7.5 ஜூல். குண்டின் ஆற்றல் குறைந்துவிட்டது. கையில் விழும் அடியோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது! உந்தம் ஏறத்தாழ மாறாதிருக்கும்போது பின்னுதைப்பின் ஆற்றல் நிறைக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பதே இதன் காரணம்.

அப்படியானால் சட்டைப்பைக்குரிய 350 கிராம் துப்பாக்கியில் இதே 9 மி.மீ. தோட்டாவைச் சுட்டால்? பின்னுதைப்பு ஆற்றல் 13 ஜூலை நெருங்கும். சுடுபவர் ஒருமுறை சுட்டதும் அடுத்த முறை கையை இறுக்கிக் கண்ணை மூடிக்கொள்வார். ஆகவேதான் இவ்வளவு இலேசான துப்பாக்கிகளைச் செய்வோர் பெரும்பாலும் .380 என்னும் வலிமை குறைந்த தோட்டாவை நாடுகின்றனர். அதன் குண்டு சுமார் 6 கிராம். வேகம் சுமார் 270 மீட்டர். பின்னுதைப்பு 5 ஜூல் அளவில் அடங்குகிறது. ஆனால் குண்டின் ஆற்றலும் பாதியாகிவிடுகிறது.

கைப்பிடியும் சேர்ந்து குறுகுவதால் இன்னொரு சங்கடம் உண்டு. பின்னுதைப்பு விசை குழலின் அச்சு வழியே செயல்படுகிறது. கையோ அதற்குக் கீழே பிடித்திருக்கிறது. விசையும் செங்குத்துத் தொலைவும் சேர்ந்து ஒரு திருப்புத்திறனை உண்டாக்கி முனையை மேலே தூக்குகின்றன. இதை அடக்குவது கைப்பிடியைப் பற்றிய விரல்கள். குட்டைக் கைப்பிடியில் சுண்டுவிரலுக்கு இடமில்லை. நெம்புகோலின் கடைசி முனையில் நின்று உதவ வேண்டிய விரல் அது. அதை இழந்தால் முனை எழுவதை அடக்குவது கடினம்.

ஆனால் மறைப்பதற்கு இடையூறாக இருப்பதும் இதே கைப்பிடிதான். உறையில் செருகும்போது குழல் இடுப்புக்கச்சைக்குக் கீழே மறைந்துவிடும். வெளியே துருத்திக்கொண்டு சட்டையைப் புடைக்கச் செய்வது கைப்பிடி. சுடுவதற்கு நீண்ட கைப்பிடி நல்லது. மறைப்பதற்குக் குட்டைக் கைப்பிடி நல்லது. இரண்டையும் ஒருசேரப் பெற வழியில்லை.

பித்தகோரஸ் செய்த உதவி

கைப்பிடியின் உள்ளே இருப்பது தோட்டாக் கூடு. 9 மி.மீ. தோட்டாவின் உறை விட்டம் ஏறத்தாழ 10 மி.மீ. பத்துத் தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கினால் உயரம் 100 மி.மீ.; அகலம் 10 மி.மீ. மாறாக, ஒன்றை வலப்புறமும் அடுத்ததை இடப்புறமுமாக 6 மி.மீ. தள்ளி வைத்தால்? அடுத்தடுத்த இரு தோட்டாக்களின் மையங்களுக்கிடையே தொலைவு 10 மி.மீ.; பக்கவாட்டுத் தொலைவு 6; ஆகவே உயர வேறுபாடு 8. பத்துத் தோட்டாக்களும் 82 மி.மீ. உயரத்தில் அடங்கிவிடும், அகலம் 16 மி.மீ. ஆகும். உயரத்தில் மிச்சம் பிடித்து அகலத்தில் செலவிடுகிறோம். எவ்வளவு தள்ளுவது என்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை இருக்கிறது. 2018க்குப் பின் வந்த சிறு துப்பாக்கிகளின் வெற்றி பெரும்பாலும் இந்த அடுக்கும் முறையின் வெற்றியே.

குறிபார்த்தல்

துப்பாக்கியின் மேல் முன்குறி, பின்குறி என இரண்டு உண்டு. இரண்டையும் இலக்கையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும். முழு அளவுத் துப்பாக்கியில் இவ்விரண்டின் இடைவெளி சுமார் 165 மி.மீ. முன்குறி 1 மி.மீ. விலகினால், 10 மீட்டர் தொலைவில் குண்டு 61 மி.மீ. விலகும். இடைவெளி 130 மி.மீ. எனில் விலகல் 77 மி.மீ.; 90 மி.மீ. எனில் 111 மி.மீ. ஒத்த முக்கோணங்களின் எளிய பண்பு இது. துப்பாக்கியின் துல்லியம் குறைவதில்லை. கையின் பிழை பெரிதாகிறது.

அப்பிழையை உண்டாக்குவதும் எளிது. சுடுவதற்கு விரலால் இழுக்கும் உறுப்பைக் குதிரை என்பர். அதை இழுக்கச் சுமார் 2.5 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை வேண்டும். துப்பாக்கியின் எடையோ 0.6 கிலோகிராம். தன் எடையைப் போல் நான்கு மடங்கு விசை ஒரு பொருளின் மீது செயல்படும்போது அது அசையாதிருக்குமா? இலேசான துப்பாக்கியைச் சுடப் பயிற்சி மிகுதியாகத் தேவைப்படுவது இதனாலேயே. 'சிறியது, எனவே புதியவருக்கு ஏற்றது' என்ற எண்ணம் முற்றிலும் தவறு.

சுட்டபின் பின்னோக்கிச் சென்று திரும்பும் ஸ்லைடு என்னும் மேற்பகுதியையும் இங்கே கருத வேண்டும். சிறு துப்பாக்கியில் அது இலேசானது. அதனால் வேகம் அதிகம். அது ஓடி நிற்பதற்குரிய தொலைவோ குறைவு. குறைந்த தொலைவில் அவ்வளவு ஆற்றலையும் உறிஞ்ச வேண்டுமெனில் சுருள்வில் கடினமாக இருக்க வேண்டும். முதல் தோட்டாவை ஏற்ற அச்சுருள்வில்லைக் கையால் இழுக்கும்போது முதியோரும் கைவலிமை குறைந்தோரும் திணறுவது இதனால்தான்.

கீழே விழுந்தால்?

உடலோடு எப்போதும் எடுத்துச் செல்லும் பொருள் என்றேனும் கீழே விழும். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் துப்பாக்கி தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 4.4 மீட்டர். சிமெண்டுத் தரையில் அது 1 மி.மீ. தொலைவுக்குள் நின்றுவிட்டால், எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 1,000 மடங்கு. குதிரையின் நிறை 5 கிராம்தானே என்று அலட்சியம் செய்ய இயலாது. அந்தக் கணத்தில் அது நிலைமத்தால் 49 நியூட்டன் விசையுடன் முன்செல்ல முயலும். விரலால் சுடத் தேவையான விசை 25 நியூட்டன்தான்! விழும் கோணம் பொருந்திவிட்டால், எவரும் தொடாமலே துப்பாக்கி வெடிக்கலாம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2017இல் ஸிக் ஸாவர் பி320 என்ற துப்பாக்கி குறிப்பிட்ட கோணங்களில் விழும்போது வெடிப்பதாகச் சோதனைகளில் தெரிந்தது. அந்நிறுவனம் விலையின்றி மாற்றித் தர முன்வந்த உறுப்புகளுள் ஒன்று, எடை குறைந்த குதிரை. நிறையைக் குறைத்தால் நிலைம விசை குறையும். தோட்டாவைத் தட்டும் ஊசியை, குதிரை முழுவதும் இழுக்கப்படும்வரை தடுத்து நிறுத்தும் சிறு கட்டை இருக்கிறதா என்று வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இதனால்தான். குதிரையை முழுவதும் மூடும் கெட்டியான உறை அடுத்த தேவை. வெறும் சட்டைப்பையில் போட்டுவைத்தால் ஒரு சாவிகூடக் குதிரையை இழுத்துவிடும்.

குழந்தையின் விரல்

விரலால் இழுக்கும் விசையைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1995இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, குழந்தைகளின் விரல் வலிமையைக் கைத்துப்பாக்கிகளின் குதிரை விசையோடு ஒப்பிட்டது. 3, 4 வயதுக் குழந்தைகளில் 100க்கு 25 பேரும், 5, 6 வயதினரில் 70 பேரும் பெரும்பாலான துப்பாக்கிகளைச் சுடும் வலிமை உடையவர்கள் எனக் கண்டது. 2014 டிசம்பரில் ஐடாஹோ மாநிலத்துக் கடையொன்றில், தாயின் கைப்பையில் மறைத்து வைத்திருந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எடுத்துச் சுட, தாய் அங்கேயே இறந்தார். அவர் முறைப்படி அனுமதி பெற்றவர். மறைத்து வைப்பதற்கு எளிதான துப்பாக்கி, குழந்தையின் கைக்கும் எளிதானது.

நாட்டளவில் பார்த்தால் கணக்கு இன்னும் கனமானது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர், அதாவது பாதிக்கும் மேற்பட்டோர், தற்கொலை செய்துகொண்டவர்கள். வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கென வாங்கி வீட்டுக்குள் வைக்கும் ஆயுதம், மனம் உடைந்த ஒரு நேரத்தில் வீட்டாருக்கே எமனாக அமைகிறது. பூட்டிய பெட்டி ஒன்று எந்தப் புதுவகைத் துப்பாக்கியையும் விட அதிக உயிரைக் காக்க வல்லது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்கக் கடைவீதியில் ஒருவர் கேட்கும் அக்கேள்விக்கு இயற்பியல் தரும் விடை இதுதான்: மறைக்க முடிந்தவற்றுள் மிகச் சிறியதை வாங்காதே; மிகப் பெரியதை வாங்கு. ஒவ்வொரு நூறு கிராமும் பின்னுதைப்பைத் தணிக்கிறது. ஒவ்வொரு சென்டிமீட்டரும் பிழையைக் குறைக்கிறது. விழுந்தால் வெடிக்காததைத் தேர்ந்தெடு. குதிரையை மூடும் உறை இல்லாமல் எடுத்துச் செல்லாதே. பயிற்சிக்கு நேரமில்லையெனில் வாங்குவதையே மறுபடி யோசி.

அதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் உண்டு: இது என் வீட்டில் இருப்பதால் என் வீட்டாருக்குப் பாதுகாப்பு கூடுகிறதா, குறைகிறதா? அதற்கு நியூட்டனின் விதிகளில் விடையில்லை. அவரவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் மனநிலை என்ன என்பதை அறிந்தவர் மட்டுமே அதற்கு விடை காண முடியும்.